பத்தாவது மொச்சை

மறுபடியும் ஒன்பது. விரலைத் தண்ணீரில் விடாமல், கண்ணாடி டம்ளரை ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்து, இப்படிச் சாய்த்து, அப்படிச் சாய்த்து, ஒன்றின் முதுகுக்குப் பின்னால் இன்னொன்று ஒளிந்துகொண்டிருக்கிறதா என்று பார்த்து எண்ணினாலும் ஒன்பது, கண்ணை மூடித் திறந்து எண்ணினாலும் ஒன்பது, பத்தாக மாட்டேன் என்று அடம்பிடிக்கிற ஒன்பது. பெனிட்டா டம்ளரைச் சமையல் மேடையில் வைத்தாள். வைத்த கையோடு திரும்பவும் எடுத்தாள். பள்ளிக்கூடத்திலிருந்து வந்த தாளில் தெளிவாகப் போட்டிருந்தது: காய்ந்த மொச்சை பத்து, ஒரு டம்ளர் தண்ணீர், காலையில் ஒரு படம், மதியம் ஒரு படம், சாயங்காலம் ஒரு படம், குழந்தை தானே போட்டு, தானே தொட்டு, தானே தெரிந்துகொள்ளட்டும். யுகேஜி பிள்ளைக்கு விஞ்ஞானமாம். தானே தொட்டு! மூக்கு ஒழுகிக்கொண்டிருக்கிற பிள்ளை தண்ணீரில் கையை விட்டு அளைந்தால் ராத்திரி இருமல் யாருக்கு வரும், அந்த மிஸ்ஸுக்கா வரும்? அதனால்தான் காலையிலேயே சொல்லிவிட்டாள், கண்ணால பாக்கணும், கையால தொடக் கூடாது, தொட்டா பால்கனியில போய் நிக்கணும், கதவைச் சாத்திருவேன். செலின் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள், “அப்பா தொட்டா?” “அப்பாவும் நிக்கணும்.” “எதிர்வீட்டுச் செல்வி அத்தை தொட்டா?” “அவங்களும் நிக்கணும்.” “நீ தொட்டா?” “நானுந்தான். எண்ணிப் போடு, சீக்கிரம்.” அந்த நேரம் சட்னி தாளிக்க எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. முதுகுக்குப் பின்னால் டக், டக் என்று மொச்சை விழுகிற சத்தமும் செலின் எண்ணுகிற சத்தமும் கேட்டன. எட்டு வரைக்கும் பெனிட்டாவுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. எட்டுக்கு அப்புறம் கடுகு பொரிந்தது. ஒன்பதாவது டக் கேட்டதா? பத்தாவது? கடுகு கொஞ்சம் பொறுத்துப் பொரிந்திருந்தால் இந்தக் கேள்வியே இல்லை. வாழ்க்கையே இப்படித்தான், கவனிக்க வேண்டிய இடத்தில் கடுகு பொரிந்துவிடுகிறது.

முதலில் எரிச்சல்தான் வந்தது, பயம் அப்புறம்தான் வந்தது. மதியப் படம் வரையப் போகும்போது ஒன்று குறைந்தால் மிஸ் கேட்பாளே என்கிற எரிச்சல். அடுப்புக்கு அடியில் பார்த்தாள், கேஸ் சிலிண்டரை நகர்த்திப் பார்த்தாள், சிலிண்டர் இருந்த இடத்தில் துருப்பிடித்த வட்டம் இருந்தது, அதையும் ஒருநாள் தேய்க்க வேண்டும், எல்லாவற்றையும் ஒருநாள் தேய்க்க வேண்டும். சோபாவுக்கு அடியில், செருப்பு அலமாரிக்குப் பின்னால், குப்பைக்கூடையில். புதிதாக இன்னொரு மொச்சையைப் போட்டுவிடலாம்தான், யார் கேட்கப் போகிறார்கள், ஆனால் மற்றதெல்லாம் ஊறி உப்பியிருக்க அது மட்டும் கல்லாக, வேற்றாளாக அடியில் கிடக்கும். நிமிர்ந்தபோதுதான் பார்த்தாள். செலின் சாப்பாட்டு மேஜைக்கு அடியில் உட்கார்ந்து கிரேயானைத் தேய்த்துக்கொண்டிருந்தாள், தேய்த்தபடியே புறங்கையால் மூக்கைத் துடைத்தாள், துடைத்த கொஞ்ச நேரத்தில் திரும்பவும் ஒழுகியது, வலது மூக்கில் மட்டும். இடது மூக்கு உலர்ந்து கிடந்தது. தடுப்பூசி போடப் போன இடத்தில் முன்பின் தெரியாத ஒரு பெண் சொல்லியிருந்தாள், ரெண்டு பக்கமும் ஒழுகினாத்தான் சளி, ஒத்தப் பக்கம் ஒழுகினா உள்ள என்னமோ இருக்குன்னு அர்த்தம், எங்க அக்கா பிள்ளைக்குக் கடலை, உள்ளேயே ஊறி வீங்கிப் போச்சு, மயக்கம் குடுத்துல்லா எடுத்தாங்க. ஊறி வீங்கி. ஊறி. கையில் டம்ளர் இருந்தது. அதற்குள் ஒன்பது மொச்சைகள் கிழவியின் கன்னம் மாதிரிச் சுருங்கி, அப்புறம் சுருக்கம் விரிந்து, கொழுகொழுவென்று ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு கிடந்தன. நேற்று எப்படி ஒழுகியது, ரெண்டு பக்கமுமா? நேற்று துடைத்துவிட்டது யார், அவள்தானே, நூறு தடவை துடைத்தாளே, எந்தப் பக்கம் என்று ஒரு தாய்க்குத் தெரியாதா? தெரியவில்லை. “செலின், இங்க வா.” தவழ்ந்து வெளியே வந்தாள். “பத்தாவது மொச்சை எங்கே?” பிள்ளை டம்ளரைப் பார்த்தது, அம்மாவைப் பார்த்தது, அம்மாவின் வாயைப் பார்த்தது, அப்புறம் குனிந்து தன் பாதத்தைப் பார்த்துச் சொன்னது, “தெரியாது.” உண்மையிலேயே தெரியாவிட்டால் செலின் இப்படிச் சொல்ல மாட்டாள், தோளைத் தூக்கி, கண்ணை உருட்டி, தெருவுக்கே கேட்கிற மாதிரித் தெரியாதே என்பாள். இது பாதத்திடம் சொல்கிற தெரியாது. அந்தத் தெரியாதை பெனிட்டாவுக்கு நன்றாகத் தெரியும். “மூக்குல போட்டியா?” “இல்ல.” “காதுல?” “இல்ல.” “முழுங்கினியா?” “இல்லம்மா.” “அப்போ எங்கே போச்சு, ரெக்கை முளைச்சுப் பறந்திருச்சா?” செலினின் கால் பெருவிரல் தரையில் கோலம் போட்டது.

போன் டார்ச்சை அடித்துப் பார்த்தாள். பிள்ளையை மடியில் மல்லாத்தி, ரெண்டு கையையும் ஒரு கையால் பிடித்து, மூக்கு நுனியைத் தூக்கினால் உள்ளே சிவப்பாக, ஈரமாக, ஒரு குகை, குகைக்கு உள்ளே வெள்ளையாக என்னமோ, சளியா மொச்சையா, நன்றாகப் பார்ப்பதற்குள் செலின் தலையை உதறினாள், ஊளையிட்டாள், டார்ச் வெளிச்சம் கூரையில் ஓடியது. காகிதத்தைத் திரியாகத் திரித்து, அடைப்பில்லாத இடது மூக்கில் விட்டாள், தும்மல் வரட்டும், தும்மலில் பீரங்கிக் குண்டு மாதிரி வந்து விழட்டும். வந்தது மூன்று தும்மல். அவள் முகமெல்லாம் சளி. மொச்சை இல்லை. கிளினிக்குக்குப் போன் போட்டாள், அங்கே ஒரு பெண் தூக்கக் கலக்கத்தோடு, டாக்டர் அஞ்சு மணிக்குத்தான்க்கா வருவாரு, நீங்க ஒண்ணும் குத்திக் கிண்டிராதீங்க, மூச்சு முட்டுற மாதிரி இருந்தா உடனே பெரியாஸ்பத்திரிக்குப் போங்க என்றாள். மூச்சு முட்டுற மாதிரி என்றால் எந்த மாதிரி? எனக்கு முட்டுகிற மாதிரியா? புருஷன் டெரன்ஸுக்குப் போன் போட்டாள். துறைமுகத்தின் இரைச்சலுக்கு நடுவே அவன் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. “மூச்சு விடுதாளா?” “விடுறா.” “சாப்பிட்டாளா?” “சாப்பிட்டா.” “அப்புறம் என்ன பிள்ள? போன மாசம் சட்டை பட்டன், அதுக்கு முந்தி கடிகார செல்லு. எல்லாம் சோபாவுக்கு அடியிலதானே கெடந்துது?” “சோபாவுக்கு அடியில பாத்துட்டேன்.” “நல்லாப் பாரு. நீ பயந்து பயந்து பிள்ளையையும் பயங்காட்டாத. டாக்டர் வந்ததும் ஆட்டோல கூட்டிட்டுப் போ. என்னைய விடமாட்டாங்க, கப்பல் நிக்கு.” கப்பல் நிக்குதாம். அவனுக்கு எப்போதும் ஒரு கப்பல் நின்றுகொண்டிருக்கிறது. இதே ஜன்னலுக்கு முன்னால் நின்றுதான் முன்னமே, மதியச் சாப்பாடு முடிந்த கையோடு, அவனோடு ஒருமுறை பேசியிருந்தாள், இன்றைக்கும் டபுள் ஷிப்ட் என்றான், அவள் என்னென்ன சொன்னாள் என்பது ஒன்றும் நினைவில்லை, கோபம் மட்டும் நினைவிருக்கிறது, கோபம் வந்தால் அவள் கை சும்மா இருக்காது, ஜன்னல் கம்பியைத் துடைத்தது, மேடையைத் துடைத்தது, அப்போதே இந்த டம்ளரைச் சரியாகப் பார்த்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். பேசப் பேச வாயே கசந்துவிட்டது, இன்னும் அந்தப் பச்சைக் கசப்பு போகவில்லை. போதாக்குறைக்கு மதியம் தின்ற முருங்கைக்கீரையின் காம்போ நரம்போ கடைவாய்ப் பல்லில் போய் மாட்டிக்கொண்டு வரமாட்டேன் என்கிறது. நாக்கு போய்ப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்புகிறது.

பிள்ளை அழுத சத்தம் கேட்டு எதிர்வீட்டுச் செல்வி கதவைத் தட்டாமலே வந்து நின்றாள், கையில் பாதி உரித்த பூண்டு. “என்ன பெனி, யாரு யாரை அடிச்சா?” “மொச்சையக் காணோம்க்கா.” “மொச்சையா? எங்கிட்ட காக்கிலோ கெடக்கே, அள்ளித் தாரேன்.” “அது இல்லக்கா, மூக்குக்குள்ள போட்டுட்டாளோன்னு.” செல்வி பிள்ளையின் தாடையைப் பிடித்து மாட்டுச் சந்தையில் பார்ப்பது மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினாள். “எனக்கு ஒண்ணுந் தெரியல. எங்க மூத்தவன் கோலிக்குண்டையே முழுங்கினான். மறுநாள் வந்துது. கழுவி எடுத்துட்டுப் போயி இன்னொரு ஆட்டமும் ஆடினான், தெரியுமா?” செலின் சளியோடு சிரித்தாள். பெனிட்டாவுக்குச் சிரிப்பு வரவில்லை. “எங்க மாமா மூக்குப்பொடி வச்சிருக்காரு, ஒரு சிட்டிகை காட்டட்டா?” “ஐயோ வேண்டாம்க்கா.” “நீ பிள்ளை வளக்கியா, முட்டை அடைகாக்கியா? விட்டா இவளையும் தண்ணியில போட்டு எவ்ளோ வளந்திருக்கான்னு எண்ணிப் பாப்ப.” பூண்டுத் தோல் ஒன்று தரையில் விழுந்தது. செல்வி போன பிறகு பெனிட்டா அதை எடுத்தாள், மொச்சைத் தோலோ என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், பூண்டுத் தோல்தான், காற்றுப் பட்டதும் பறந்தது.

ஐந்து மணி வரைக்கும் ஒன்றும் செய்வதற்கில்லை. ஒன்றும் செய்வதற்கில்லாத நேரத்தில்தான் டம்ளரைப் பார்க்கத் தோன்றுகிறது. இதில் ஊறுகிற அளவுக்குத்தானே மூக்குக்குள்ளும் ஊறும். காலையில் இவற்றோடு சேர்ந்து பையிலிருந்து வந்த மொச்சை, ஒரே கொடியில் காய்த்ததாகக்கூட இருக்கலாம், ஒன்பது பேர் இங்கே குளிர்ந்த தண்ணீரில், ஒருத்தன் மட்டும் அங்கே வெதுவெதுப்பில், இருட்டில். வெந்நீரில் போட்டால் சீக்கிரம் ஊறும் என்று அவளுக்குத் தெரியும், உடம்புச் சூட்டில்? ஒன்றின் தோல் வயிற்றுப் பக்கம் லேசாக வெடித்திருந்தது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திருப்பிய முகம் அரை நிமிஷத்தில் தானாகத் திரும்பி வந்தது. செலின் பிறந்த அன்றைக்கு நர்ஸ் கையில் கொடுத்தபோது, கழுத்தைப் பிடிங்கம்மா, கழுத்து நிக்காது என்றாள், அன்றைக்குப் பிடித்த பிடி, இன்னும் விட முடியவில்லை, கழுத்து எப்போதோ நின்றுவிட்டது, பிடித்தவளுக்குத்தான் நிற்கவில்லை. இப்படிப் பிடிக்கிறவளிடம் பிள்ளை உண்மையைச் சொல்லாமல் பாதத்தைப் பார்க்கிறது. ஏன்? அதுதான் மொச்சையைவிட உள்ளே போய் அடைக்கிறது. அவள் கத்தவில்லையே. குரலைத் தாழ்த்தித்தானே கேட்டாள். தாழ்த்தி, ஒவ்வொரு சொல்லாக, என் கண்ணைப் பாத்துச் சொல்லு என்று. அவள் படித்த பள்ளிக்கூடத்துச் சிஸ்டர் அலோஷியாவும் ஒருநாளும் கத்தியதில்லை. இரண்டாம் வகுப்பில் கிறிஸ்துமஸ் குடிலிலிருந்து ஓர் ஆட்டுக்குட்டி காணாமல் போயிற்று, களிமண் குட்டி, ஒரு காது உடைந்தது. சிஸ்டர் மேஜைமேல் கையைக் கோத்து வைத்துக்கொண்டு, பூ உதிர்கிற மாதிரிக் கேட்டார், என் கண்ணைப் பார்த்துச் சொல்லு பெனிட்டா, நீ ஜன்னலோரம்தானே இருக்கிறாய், யார் எடுத்தது? எடுத்தது ஸ்டெல்லா, பக்கத்து இடத்துக்காரி, பாவாடைப் பைக்குள் போட்டதைப் பார்த்திருந்தாள். தெரியாது சிஸ்டர் என்றாள், பாதத்தைப் பார்த்து, கறுப்பு ஷூவைப் பார்த்து. தெரியாத பிள்ளைகள் பாதத்தைப் பார்ப்பதில்லை என்றார் சிஸ்டர், வராந்தாவில் போய் நில், தெரிகிறவரைக்கும் நில். எவ்வளவு நேரம் என்று கேட்கலாம் என்றுகூட அவளுக்குத் தெரியாது. வராந்தாத் தூண் நிழல் நகர்ந்து நகர்ந்து அவள் காலைவிட்டுப் போயிற்று, ஒன்றுக்கு வந்தது, அசையக் கூடாது, அசையவில்லை, வெள்ளை சாக்ஸ் மஞ்சளாயிற்று. ஸ்டெல்லா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள். தன் பிள்ளையை ஒருநாளும் வெளியே நிறுத்த மாட்டேன் என்று எத்தனை தடவை நினைத்திருக்கிறாள், ஆனால் காலையில் அவள் வாயிலிருந்து வந்தது என்ன, பால்கனியில போய் நிக்கணும், கதவைச் சாத்திருவேன், சும்மா ஒரு பேச்சுக்கு, எல்லா அம்மாக்களும் சொல்வதுதான், பூச்சாண்டி வருவான் என்பதுபோல, சும்மா. சும்மாவா? நாக்கு திரும்பவும் கடைவாய்ப் பல்லுக்குப் போயிற்று. நாலரைக்கே கிளம்பிவிட வேண்டும், முதல் ஆளாகப் போய் உட்கார வேண்டும், டாக்டர் திட்டுவார், கவனிக்க மாட்டீங்களாம்மா என்பார், கடுகு பொரிந்தது டாக்டர் என்று சொல்ல முடியுமா?

பிள்ளையின் முகத்தைக் கழுவிவிட்டாள். வாஷ்பேசினுக்கு முன்னால் ஸ்டூல் போட்டு நிறுத்தி, ஈரத் துண்டால் துடைத்து, சீப்பை எடுத்தபோது கண்ணாடியில் ரெண்டு முகமும் மேலும் கீழுமாகத் தெரிந்தன, மேலே இருந்த முகம் கீழே இருந்ததைவிட அதிகமாக அழுதிருந்தது. “அம்மா, சாயங்காலப் படம்?” “வந்து வரையலாம்.” “டாக்டர் ஊசி போடுவாரா?” “மூக்குல ஒண்ணும் இல்லேன்னா போடமாட்டாரு.” “ஒண்ணும் இல்லம்மா.” “அப்போ எங்கேடி போச்சு அது?” குரல் உடைந்தது, தாழ்த்த முடியவில்லை, நாக்கு கோபத்தோடு போய்ப் பல்லை முட்டியது, போதும், இந்தச் சனியனையாவது எடுத்துவிட்டுப் போகலாம் என்று வாயை அகலத் திறந்து, நகத்தை விட்டு நோண்டி இழுத்தாள். வந்தது. கீரை இல்லை. கீரை பச்சையாக அல்லவா இருக்கும்? விரல்நுனியில் குழிந்த ஒரு சில்லு, கண்ணாடி மாதிரி, வெளிர்ப் பழுப்பு, ஓரத்தில் நகக்கண் மாதிரி வெள்ளையாக ஒரு கோடு. அதைப் பார்த்தாள். சமையலறைக்குப் போய் டம்ளரைப் பார்த்தாள். ஒன்பதிலும் அதே வெள்ளைக் கோடு. அவளுக்குப் புரிவதற்கு முன்னால் கைக்குப் புரிந்துவிட்டது, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் காற்றில் தாமாக ஒன்றையொன்று நசுக்கின. மொச்சைக் குழம்பு வைக்கிற ஒவ்வொரு தடவையும் செய்வதுதான், தண்ணீரிலிருந்து ஒன்றை எடுத்து, பிதுக்கி, முன்பல்லால் கடித்து, நடுவில் கல் இருக்கிறதா, ஊறிவிட்டதா என்று பார்ப்பது, அவளைக் கேட்டா செய்கிறது இந்தக் கை? ஜன்னலுக்கு முன்னால் நின்று, நின்றுகொண்டிருக்கிற கப்பலைத் திட்டியபடியே, எடுத்து, பிதுக்கி, கடித்து, தோலைக்கூடத் துப்பாமல். கசந்தது பேச்சு இல்லை. பச்சை மொச்சை.

திரும்பினாள். செலின் ஸ்டூலோடு பின்னாலேயே வந்து நின்றிருந்தாள், அவள் விரலையே பார்த்தபடி. “அது நீ தின்னதும்மா.” “நீ பாத்தியா?” “அப்பாட்ட போன்ல சண்டை போட்டேல்ல, அப்ப. பிதுக்கி வாயில போட்டே.” “ஏண்டி சொல்லல? எவ்வளவு நேரமா கேக்குறேன்? டார்ச் அடிச்சேன், காகிதத்தை விட்டேன், தும்மித் தும்மி அழுதியே, அப்பவாவது சொல்லக் கூடாதா?” செலின் குனிந்து பாதத்தைப் பார்த்தாள். பெருவிரல் கோலம் போட்டது. “சொன்னா நீ வெளிய போயி நிக்கணும்ல,” என்றாள், “வெயிலு.” பெனிட்டாவுக்கு அடிக்க வேண்டும் போலிருந்தது, யாரை என்று தெரியவில்லை. எந்த நேரமும் செத்துவிடும் செத்துவிடும் என்று தான் பொத்திப் பொத்தி வைத்த இந்தப் பிள்ளை, மூக்குக்குள் திரியை விட்டபோதும் வாயைத் திறக்காமல் அம்மாவைப் பொத்தி வைத்திருந்திருக்கிறது. வெறும் பேச்சு, சும்மா சொன்னேன் என்று சொல்லிவிடலாம். சொன்னால் இனி எது சும்மா, எது நிஜம்? அவள் போய் பால்கனிக் கதவைத் திறந்து வெளியே நின்றாள். உப்புக் காற்று அனலாக முகத்தில் அடித்தது, கம்பியில் கை வைக்க முடியவில்லை, கீழே யாரோ பைக்கை உதைத்து உதைத்துக் கிளப்பிக்கொண்டிருந்தான். கதவிடுக்கில் செலினின் ஒரு கண் தெரிந்தது. “எவ்ளோ நேரம்மா?” “நீதான் சொல்லணும்.” கண் யோசித்தது. மறைந்தது. உள்ளே ஸ்டூல் இழுபடுகிற சத்தம், தண்ணீர் சிந்துகிற சத்தம். செலின் டம்ளரை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தாள், பாதித் தண்ணீர் சட்டையில், நிலைப்படிக்கு உள்பக்கமாக வைத்தாள், அம்மாவை நன்றாக ஒருமுறை பார்த்துவிட்டு, மணிக்கட்டு வரைக்கும் கையை உள்ளே விட்டுத் துழாவினாள். இப்போது ரெண்டு மூக்கும் ஒழுகிக்கொண்டிருந்தது. சளி பிடித்த பிள்ளை, ஈரக் கை, ஈரச் சட்டை, அனல் காற்று, சொல்ல வாயெடுத்தாள் பெனிட்டா. அதற்குள் செலின் வெளியே வந்து அவள் பக்கத்தில், சுவரோடு சுவராக, விறைப்பாக நின்றுகொண்டாள். “நானும் தொட்டுட்டேன்,” என்றாள். “இப்ப கதவச் சாத்தும்மா.”